எல்ஓஆர் ரகசியம்: "பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று டிக் போடுவதற்கு முன்

அமெரிக்காவில் எம்.எஸ். அல்லது பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஜிஆர்இ, டோஃபல் தேர்வுகள், எஸ்ஓபி என்ற நோக்கக் கட்டுரை பற்றியெல்லாம் பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். பரிந்துரைக் கடிதம், அதாவது எல்ஓஆர், என்று வந்ததும் "மூணு சார்கிட்ட வாங்கிட்டா முடிஞ்சுது" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரவே கூடாது, ஆசிரியரிடமிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்பது பலருக்கு விண்ணப்பத்தைத் திறந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் டிசம்பர் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு விண்ணப்பித்தவள் நான். இந்த விஷயத்தில் சீனியர்கள் ஒன்று சொன்னார்கள், கன்சல்டன்சி ஒன்று சொன்னது, பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் விண்ணப்பப் போர்ட்டலில் வேறொன்று எழுதியிருந்தது. எது சரி என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. அந்த டிக் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

பரிந்துரைப்பவரின் பெயர், பதவி, ஈமெயில் எல்லாம் நிரப்பியதும் போர்ட்டல் ஒரு கேள்வி கேட்கும். இந்தக் கடிதத்தைப் பிற்பாடு பார்ப்பதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா, இல்லையா? பதில் சொல்லி, கீழே உங்கள் பெயரைக் கையெழுத்துப் போலத் தட்டச்சு செய்ய வேண்டும்.

இந்த உரிமை ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டத்திலிருந்து வருகிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒரு கல்வி நிறுவனத்தில் படிக்கும் மாணவர், அங்கே தன்னைப் பற்றி இருக்கும் ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும் என்கிறது. சேர்க்கைக்காக வந்த பரிந்துரைக் கடிதமும் அந்த ஆவணங்களில் ஒன்று. மாணவர் விரும்பினால் அந்தக் கடிதங்களை மட்டும் பார்க்கும் உரிமையை எழுத்துமூலம் விட்டுக்கொடுக்கலாம். நீங்கள் போடும் டிக் அதுதான்.

இதில் நான்கு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று பல்கலைக்கழகம் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது.

விட்டுக்கொடுத்த பிறகும், உங்களுக்காக யார் யார் கடிதம் அனுப்பினார்கள் என்ற பெயர்களை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடிதத்தைச் சேர்க்கை போன்ற குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும்தான் அவர்களும் பயன்படுத்த வேண்டும்.

மனம் மாறி, விட்டுக்கொடுத்ததை ரத்து செய்ய நினைத்தால் அது இனி நடப்பதற்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே ரகசியம் என்று நம்பி ஆசிரியர் அனுப்பிவிட்ட கடிதத்தைத் திறந்து காட்டும்படி கேட்க முடியாது.

நாலாவதுதான் பலருக்குத் தெரியாதது. இந்த உரிமை அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிப்பவர்களுக்கு மட்டும்தான். எட்டு இடத்துக்கு விண்ணப்பித்து ஏழில் இடம் கிடைக்கவில்லை என்றால், அந்த ஏழில் உங்கள் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்க ஃபெர்பா உதவாது, நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தாலும் சரி. சேர்ந்த அந்த ஒரு இடத்திலும், யாரும் கேட்காத நிலையில் சேர்க்கை முடிந்த பிறகு அந்தக் கடிதங்களை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

2. விட்டுக்கொடுங்கள்

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும், எல்லா ஆசிரியருக்கும்.

கடிதம் எழுதும் ஆசிரியரின் திரையில், இந்த மாணவர் உரிமையை விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்று பொதுவாகத் தெரியும். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் சில பேராசிரியர்கள் எழுதவே மாட்டார்கள். எழுதுபவர்களும் எதற்கு வம்பு என்று பொதுப்படையாக நாலு வரி எழுதி முடித்துக்கொள்வார்கள். சேர்க்கைக் குழுவுக்கும் அந்தத் தகவல் போகிறது. மாணவர் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தே எழுதிய பாராட்டை அவர்கள் எவ்வளவு தூரம் நம்புவார்கள்? உரிமையை வைத்துக்கொள்வதால் உங்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. போவது கடிதத்தின் எடை.

"அந்த சார் என்னைப் பத்தி ஏதாவது தப்பா எழுதிட்டா?" என்ற பயம் இருக்கலாம். அந்தப் பயம் இருந்தால் அந்த சாரிடம் கேட்காதீர்கள். பார்க்காமலே நம்பக்கூடிய மூன்று பேரைத் தேடுவதுதான் உங்கள் வேலை.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. கேள்வியின் வாசகம் போர்ட்டலுக்குப் போர்ட்டல் மாறும். ஓரிடத்தில் "ஆம்" என்றால் உரிமையை விடுகிறீர்கள் என்று பொருள். இன்னோரிடத்தில் "பார்க்க விரும்புகிறீர்களா" என்ற தொனியில் கேட்டிருப்பார்கள், அங்கே "ஆம்" என்றால் நேர் எதிர். உரிமை என்ற சொல்லைப் பார்த்ததும் அதை எதற்கு விட வேண்டும் என்று அவசரத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று அழுத்திவிடுபவர்கள் நிறைய. ஆசிரியருக்கு மெயில் போன பிறகு இந்தப் பதிலைப் பல போர்ட்டல்களில் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும், ஆசிரியருக்கு இன்னொரு மெயில் போகும், அவர் குழம்புவார். ஒவ்வொரு முறையும் கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

3. யாரை, எப்போது கேட்பது

பெரும்பாலான இடங்களில் மூன்று கடிதம் கேட்கிறார்கள். பி.எச்டி. விண்ணப்பங்கள் பல டிசம்பர் 1, டிசம்பர் 15 தேதிகளில் முடிகின்றன, எம்.எஸ். பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து தொடங்கி அதற்கப்புறமும் நீளும். நம் கல்லூரிகளில் அதே நேரம் என்ன நடக்கும்? அண்ணா பல்கலைக்கழகத்தின் நவம்பர்/டிசம்பர் செமஸ்டர் தேர்வு. ஆசிரியர்கள் தேர்வு அறையில் இருப்பார்கள், அப்புறம் விடைத்தாள் திருத்தப் போவார்கள். நடுவில் தீபாவளி. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் கல்லூரிக்கே விடுமுறை. ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் பேசிவிடுங்கள். நவம்பரில் போய் நின்றால் ஆசிரியர் மறுக்கவும் மாட்டார், எழுதவும் நேரம் இருக்காது.

எச்ஓடி, பிரின்சிபால் என்று பதவியைப் பார்த்து ஓடாதீர்கள். உங்கள் பெயரையே மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்லும் பிரின்சிபாலின் கடிதத்தில் எழுத என்ன இருக்கும்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வழிகாட்டி, இரண்டு பாடம் எடுத்தவர், லேபில் நீங்கள் மாட்டி முழித்ததையும் பிறகு சரிசெய்ததையும் பக்கத்திலிருந்து பார்த்த உதவிப் பேராசிரியர், இவர்கள் எழுதுவது எவ்வளவோ மேல். கடிதம் ரகசியம் என்பதால் நீங்கள் திருத்தச் சொல்ல முடியாது. அதனால் உங்களைத் தெரிந்தவராக இருப்பது இரட்டிப்பு முக்கியம்.

கேட்கும்போது அவர் மறுப்பதற்கும் வழி விட்டுக் கேளுங்கள். நான் கேட்டது இப்படி: "சார், என் ப்ராஜெக்ட்டை வச்சு உங்களால நல்லா எழுத முடியும்னு தோணுதா? நேரம் இல்லைன்னாலும், சரியா வராதுன்னு நினைச்சாலும் தயங்காம சொல்லுங்க சார், நான் வேற மேடத்தைக் கேட்டுக்கறேன்." ஒருவர் சற்று யோசித்துவிட்டு, "உனக்கு நான் ஒரு செமஸ்டர்தான் எடுத்திருக்கேன், என்னைவிட மேடம் எழுதினா நல்லா இருக்கும்" என்றார். அது எனக்குச் செய்த பெரிய உதவி. மனமில்லாமல் எழுதும் கடிதம் எப்படி இருந்தது என்று கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

4. அவர் கையில் கொடுக்க வேண்டியவை

கடிதத்தைப் பார்க்கக்கூடாதே தவிர, கடிதம் எழுதத் தேவையானதைக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. சொல்லப்போனால் கொடுத்தே ஆக வேண்டும். ஒரே ஃபைலில் இவற்றைப் போட்டு அச்செடுத்தும் கொடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள்:

- மார்க் ஷீட்களின் நகல். அவரிடம் படித்த பாடங்களைக் கோடிட்டுக் காட்டுங்கள்.
- ரெஸ்யூமே, எஸ்ஓபி வரைவு.
- ப்ராஜெக்ட் பற்றி அரைப் பக்கம். அதில் நீங்கள் செய்தது எது, குழுவில் மற்றவர்கள் செய்தது எது என்று பிரித்து எழுதுங்கள்.
- அவர் முன்னால் நடந்த சம்பவங்களின் நினைவூட்டல்.
- பல்கலைக்கழகப் பட்டியல்: பெயர், படிப்பு, கடைசித் தேதி, கடைசி நேரம் இந்திய நேரப்படி.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாக வேலை செய்பவர்" என்று குணங்களை எழுதிக்கொடுக்காதீர்கள். அது மதிப்பீடு, அதைச் செய்ய வேண்டியவர் அவர். நீங்கள் கொடுக்க வேண்டியது நடந்தது மட்டும். என் தாளில் இருந்த ஒரு வரி: "ஆறாவது செமஸ்டர், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேப். மோட்டார் வேகம் நிலையாக நிற்கவில்லை. பிழை ப்ரோகிராமில் இல்லை, என்கோடர் வயரில்தான் என்று மாலை கண்டுபிடித்தோம். நீங்கள் லேபைப் பூட்டாமல் காத்திருந்தீர்கள்." அந்த ஆண்டு அவர் கையில் அறுபது மாணவர்கள். இதைப் படித்ததும் "ஓ, அந்த மோட்டாரா!" என்று சிரித்தார். அவர் அதை எழுதினாரா, எப்படி எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை.

5. "நீயே டிராஃப்ட் எழுதிட்டு வா"

நம் ஊரில் மிகப் பெரிய சிக்கல் இதுதான். ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வருடம் முழுக்க இருபது பேர் கேட்பார்கள், ஆங்கிலத்தில் நீளமாக எழுதப் பலருக்குத் தயக்கம், மூத்த ஆசிரியர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் கையெழுத்திட்டு அனுப்பினால், பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்கள் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? சில எம்பிஏ பள்ளிகள், ஆசிரியரே கேட்டாலும் விண்ணப்பதாரர் வரைவு எழுதுவது விதிமீறல் என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன.

விதியை விடுங்கள், நடைமுறையிலும் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று கடிதத்தையும் ஒருவரே எழுதினால் மூன்றிலும் ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே உரிச்சொற்கள், உங்கள் எஸ்ஓபியில் இருக்கும் அதே சொற்றொடர். இதை ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கில் படிப்பவர்களுக்குக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

"டிராஃப்ட் கொண்டு வா" என்று சொன்னால், முந்தைய படியில் சொன்ன ஃபைலைக் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்லிப்பாருங்கள்: "சார், இதை நான் பார்க்கமாட்டேன்னு அவங்ககிட்ட கையெழுத்துப் போட்டிருக்கேன். எழுதறதுக்கு வேண்டிய எல்லாம் இதுல இருக்கு. நீங்க சின்னதா எழுதினாலே போதும் சார்." முகத்தைச் சுளிப்பவர்கள் குறைவு. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை, இலக்கணம் பிசகாமல் இருக்க வேண்டும் என்ற கவலையும் வேண்டாம் என்பதைச் சொல்லுங்கள். பலருடைய தயக்கம் அங்கேதான் இருக்கிறது. அவர் தன் நடையில் எழுதும் ஆறு வரி, நீங்கள் எழுதும் இரண்டு பக்கத்தைவிட நன்றாக நிற்கும்.

அப்படியும் பிடிவாதமாக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். செப்டம்பரிலேயே கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில ஆசிரியர்கள் தாங்களாகவே எழுதிவிட்டு, "இதைப் பாரு, சரியா இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பதற வேண்டாம். நீங்கள் விட்டுக்கொடுத்தது பல்கலைக்கழகத்திடம் கேட்டுப் பார்க்கும் உரிமையை. எழுதியவர் தானாக முன்வந்து காட்டுவதை அந்த டிக் தடுக்கவில்லை. ஆனால் நீங்களாகக் கேட்காதீர்கள். பாடத்தின் பெயர், வருடம் போன்ற தகவல் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். புகழ்ச்சியைக் கூட்டச் சொல்லி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்தக் கோப்பை எடுத்து வேறு விண்ணப்பத்துக்கு நீங்களே அனுப்பவும் கூடாது.

6. ஈமெயில் முகவரி

பல்கலைக்கழகங்கள் எதிர்பார்ப்பது நிறுவன முகவரி. ஏசி.இன், ஈடியூ.இன் என்று முடியும் கல்லூரி மெயில், அல்லது கம்பெனி மெயில். ஜிமெயில் கொடுத்தால் சில போர்ட்டல்கள் எச்சரிக்கை காட்டும், சில ஏற்கவே ஏற்காது. நம் கல்லூரிகளில் பல ஆசிரியர்கள் ஜிமெயிலைத்தான் பயன்படுத்துகிறார்கள். கல்லூரி முகவரி இருந்தாலும் கடவுச்சொல் மறந்திருக்கும். செப்டம்பரிலேயே, "சார், உங்க காலேஜ் மெயில் வேலை செய்யுதா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கல்லூரியின் கணினிப் பிரிவில் புதிதாகக் கேட்டு வாங்க அவருக்கு நேரம் இருக்கும். எதுவுமே முடியாத நிலையில், ஜிமெயில் முகவரியோடு கல்லூரி இணையதளத்தில் அவர் பெயர் இருக்கும் துறைப் பக்கத்தின் முகவரியையும் லெட்டர்ஹெட்டில் போடச் சொல்லுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கும் ஒரு மெயில் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தப் பெரிய பொறி. நான் போன ஒரு கன்சல்டன்சியில், "சார் பேர்ல நாங்களே ஒரு மெயில் ஐடி ஓப்பன் பண்ணிடுவோம், லெட்டரும் எங்ககிட்ட ரெடியா இருக்கு, நீங்க கையெழுத்து ஸ்கேன் மட்டும் கொடுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்றும் சொன்னார்கள். இது ஆள்மாறாட்டம். எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகம் சந்தேகப்பட்டால் கல்லூரி இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கோ முகவரிக்கோ நேரடியாகக் கேட்டுவிடும். விண்ணப்பத்தின் முடிவில் எல்லாம் உண்மை என்று நீங்கள்தான் உறுதிமொழி தருகிறீர்கள். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறலாம், சேர்ந்து படிக்கும்போது தெரிந்தாலும் வெளியேற்றலாம். அந்த நாளில் கன்சல்டன்சி உங்கள் பக்கத்தில் நிற்காது. கடன் வாங்கிப் பணம் கட்டிய அப்பா அம்மாவும் நீங்களும்தான் நிற்பீர்கள்.

7. போர்ட்டலில் பெயரைச் சேர்ப்பது

ஸ்லேட், காலேஜ்நெட் போன்ற மென்பொருள்களில்தான் பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்கள் ஓடுகின்றன. ஆசிரியரின் விவரத்தைச் சேர்த்ததும் அவருக்குத் தானியங்கி மெயில் ஒன்று போகும். அதிலிருக்கும் இணைப்பு அவருக்கென்றே உருவாக்கப்பட்டது. அதைத் திறந்தால் பிடிஎஃப் ஏற்றும் இடமும், பல இடங்களில் ஒரு மதிப்பீட்டுக் கட்டமும் வரும்: அறிவுத்திறன், எழுத்துத்திறன், ஆராய்ச்சித் திறன் என்று வரிசையாக இருக்கும், இந்த மாணவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா என்று அவர் குறிக்க வேண்டும். அதுவும் ரகசியம்தான்.

மெயில் எப்போது போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் சேமித்தவுடன் போய்விடும். சில இடங்களில் நீங்கள் பணம் கட்டி விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகையில் கடைசி நாள் வரை காத்திருந்தால் ஆசிரியருக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் திறந்தவுடன் இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பல்கலைக்கழகம் என்றால் ஒரு ஆசிரியருக்கு எட்டு மெயில். முடிந்தவரை ஒரே வாரத்தில் எல்லாம் போகும்படி சேர்த்துவிட்டு, அன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இந்தெந்த இடத்திலிருந்து மெயில் வந்திருக்கும், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள் சார். கல்லூரி மெயில் சர்வர்கள் இந்தத் தானியங்கி மெயில்களை அடிக்கடி ஸ்பாமில் தள்ளிவிடுகின்றன. வரவே இல்லையென்றால் போர்ட்டலில் நினைவூட்டல் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் மறுபடி போகும்.

நேரக் கணக்கு: டிசம்பர் 15 இரவு 11.59 என்று கிழக்கு அமெரிக்க நேரத்தில் போட்டிருந்தால் இந்தியாவில் டிசம்பர் 16 காலை 10.29. மேற்குக் கடற்கரை நேரமென்றால் 16ஆம் தேதி மதியம் 1.29. கடிதம் சில நாள் தாமதமாக வந்தாலும் ஏற்கும் இடங்கள் உண்டு, ஏற்காத இடங்களும் உண்டு. ஆசிரியரிடம் பட்டியல் கொடுக்கும்போது உண்மையான தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தேதியைப் போட்டு, அது உங்கள் வேண்டுகோள் என்றே சொல்லுங்கள். பக்கத்தில் உண்மையான கடைசித் தேதியும் இருக்கட்டும்.

8. கடிதத்தை ஏற்றும் நாள்

ரகசியம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் நல்லெண்ணத்தினால்.

"உன் லேப்டாப் கொண்டு வா, உக்காந்து போட்டுடலாம்" என்பார் ஒருவர். வேண்டாம். எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பிலிருந்து கடிதம் ஏறியது என்பது போர்ட்டலில் பதிவாகக்கூடிய விஷயம். விண்ணப்பமும் கடிதமும் ஒரே லேப்டாப்பிலிருந்து போயிருந்தால் உண்மையான கடிதமும் சந்தேகத்துக்கு ஆளாகும். துறை அலுவலகக் கணினியிலோ தன் அறையிலோ அவரே ஏற்றட்டும். திரையில் வரும் படிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: இணைப்பைத் திறப்பது, மதிப்பீட்டை நிரப்புவது, பிடிஎஃப் ஏற்றுவது, கடைசியில் சமர்ப்பிப்பது. பலர் கோப்பை ஏற்றிவிட்டுச் சமர்ப்பிக்காமல் மூடிவிடுகிறார்கள்.

"எனக்கு நேரம் இல்லப்பா" என்று அந்த இணைப்பு மெயிலையே உங்களுக்கு ஃபார்வேர்டு செய்துவிடுவார் இன்னொருவர். அந்த இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவரால் திறக்க முடியும். திறக்காதீர்கள். "சார், இதை நான் திறந்தா அப்ளிகேஷனே ரத்தாகலாம்" என்று சொன்னால் அவரே புரிந்துகொள்வார். மெயில் கடவுச்சொல்லையே நம்பிக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. அதற்கும் இதே பதில்தான்.

லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து, பதவி, கல்லூரித் தொலைபேசி எண் ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லெட்டர்ஹெட் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும்; ஓரிரு நாள் எடுக்கலாம். அரிதாகத் தாளில் கடிதம் கேட்கும் இடமென்றால், ஆசிரியர் உறையை ஒட்டி, ஒட்டிய மடிப்பின் குறுக்கே கையெழுத்திட்டு, மேலே கல்லூரி முத்திரை வைக்க வேண்டும். ஒட்டாத உறையை அலுவலகத்தில் உங்கள் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து ஒட்டி வாங்குங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் உங்கள் பக்கத்தில் "பெறப்பட்டது" என்று மாறும். உங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

9. செலவு

கடிதத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஆசிரியருக்கும் தரக்கூடாது, கன்சல்டன்சி "எல்ஓஆர் பேக்கேஜ்" என்று கேட்டாலும் தரக்கூடாது. செலவு விண்ணப்பக் கட்டணத்தில்தான்: ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக 75 முதல் 125 டாலர் வரை. கடிதம் வராமல் விண்ணப்பம் முழுமையடையாமல் போனாலும் அந்தப் பணம் திரும்பாது. அதனால் மூன்றாவது கடிதத்துக்கு ஆள் உறுதியாகும் முன் பணம் கட்டாதீர்கள். நான்காவதாக ஒருவரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது டிசம்பரில் கைவிரித்தால் அவர் பெயரைச் சேர்க்கலாம்.

10. வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு

படித்து முடித்து மூன்று நான்கு வருடம் ஆகிவிட்டதென்றால் ஆசிரியர் கல்லூரி மாறியிருப்பார், ஓய்வு பெற்றிருப்பார். இவர்களுக்கு இன்டர்ஃபோலியோ என்ற சேவை உதவும். ஆசிரியர் கடிதத்தை அங்கே ஏற்றிவிடுவார். அது உங்கள் கணக்கில் இருக்கும், ஆனால் ரகசியம் என்று குறித்திருந்தால் உங்களால் திறந்து பார்க்க முடியாது, பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப மட்டும் முடியும். இதற்கு ஆண்டுச் சந்தா உண்டு. மதிப்பீட்டுக் கட்டம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் இப்படி வரும் கடிதத்தை ஏற்காமல் போகலாம், முதலில் கேட்டுவிட்டுச் சந்தா கட்டுங்கள்.

அலுவலக மேலாளரிடம் கடிதம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் வேலையை விடத் திட்டமிடுவது அவருக்கு அன்றே தெரிந்துவிடும். அந்த ரகசியத்துக்கு எந்தச் சட்டமும் காவல் இல்லை.

11. அமெரிக்கா தவிர மற்ற நாடுகள்

ஃபெர்பா அமெரிக்காவோடு முடிந்தது. பிரிட்டனில் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டம், கல்விக்காகவோ வேலைக்காகவோ ரகசியமாகத் தந்த பரிந்துரையை, உங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் டிக் போடும் கேள்வியைத் தேட வேண்டாம். அதே சமயம் அங்கே பல பல்கலைக்கழகங்கள், லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதத்தை விண்ணப்பதாரரே ஏற்ற அனுமதிக்கின்றன. ஜெர்மனியிலும் இது சகஜம். அங்கே கடிதம் உங்கள் கைக்கு வருவதில் தவறே இல்லை. ஆசிரியரிடம் கேட்கும்போதே, இது உங்கள் கைக்கு வரும் கடிதமா, நேராகப் போகும் கடிதமா என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவுக்கு எழுதியதையே எடுத்து உங்களிடம் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

12. முடிவுகள் வந்த பிறகு

மார்ச், ஏப்ரலில் முடிவுகள் வரும். கிடைத்ததோ இல்லையோ, மூன்று பேருக்கும் போன் செய்து சொல்லுங்கள். எட்டு விண்ணப்பத்துக்கு உட்கார்ந்து ஏற்றியவர்கள் அவர்கள், காத்துக்கொண்டிருப்பார்கள். "என்ன சார் எழுதினீங்க?" என்று மட்டும் கேட்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கும் நிலை வந்தால் பழைய கடிதம் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் புது விண்ணப்பம், புது டிக், புது மெயில், மறுபடி எல்லாம் முதலிலிருந்து. அதனால் போனை வைக்கும் முன், "அந்த ஃபைலை அழிச்சுடாதீங்க சார், தேவைப்பட்டா தேதியை மாத்திப் போட்டுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.